சுருதி சேராத மூக்கு

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை வந்துவிட்டால் அந்த வீட்டில் காலை பதினொரு மணி வரைக்கும் வெங்காயம் வதங்கக் கூடாது, சோப்புத்தூளில் துணி ஊறக் கூடாது, வீட்டுக்காரர் சவரம் முடித்துக் கன்னத்தில் தட்டிக்கொள்ளும் நீலத் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கக் கூடாது. மூக்கரசி போட்ட சட்டம் அது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருட்டுக் குழிக்கு மேலே நின்று கம்பிக் கயிற்றுக்கு கிரீஸ் தடவுகிற ஆள். அங்கே வராத பயம் அவருக்கு இந்த வியாழக்கிழமைகளில் வரும். பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

மூக்கரசி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரில்லை. தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கிற ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியின் காபிச் சுவைக்கூடத்தில் அவள் பத்தொன்பது வருஷம் டேஸ்டராக, சுவைத்துத் தரம் சொல்கிறவளாக உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மூட்டையை முகர்ந்து பார்த்து, “இது பக்கத்துல யாரோ பெயிண்ட் டப்பா வச்சிருக்காங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிடங்கில் போய்ப் பார்த்தால் மூடி சரியாக மூடாத டப்பா ஒன்று அங்கே இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவளும் உள்ளூர ஆசையாகத்தான் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. எட்டு மாதம் எதுவும் மணக்கவில்லை. அதற்குப் பிறகு திரும்பி வந்ததாவது ஒழுங்காக வந்ததா என்றால், அதுவும் இல்லை. காபி டயர் எரிகிற மாதிரி மணத்தது. சோப்பு பழைய இறைச்சி மாதிரி மணத்தது. கம்பெனியில் “உடம்பைப் பார்த்துக்குங்க மேடம்” என்று மிகப் பதவிசாகச் சொல்லி, பாக்கெட்டில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலியைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுத்தார்கள். அவள் ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சும்மா இருந்தாளா? நாலு சின்ன பாட்டில் வாங்கினாள். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்து, இது எலுமிச்சை, இது எலுமிச்சை என்று மூளைக்கு மறுபடி அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தாள். ஒரு வருஷம் விடாமல் செய்தாள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்ததோ என்று தோன்றியிருக்கும். தோன்றினால் தோன்றட்டும் என்று செய்தாள்.

அப்போதுதான் கம்பெனி புதிதாக ஒரு ஆர்கானிக் காபி கொண்டு வந்தது. பச்சை நிறப் பை, பூச்சிமருந்து படாத தோட்டம், பை மேலே பொன்னிறத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர்: ‘ஐந்து நாக்குகள் தேர்ந்த காபி.’ நாலு பேரை வெளியிலிருந்தும் ஒருவரைக் கம்பெனிக்குள்ளிருந்தும் எடுத்தார்கள். மாதாமாதம் கடைக்குப் போய்ப் பையை வாங்கி, வீட்டிலேயே சுவைத்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல வேண்டும். மூக்கரசி தேர்வு எழுதி, இருபத்துநாலு கோப்பைகளில் இருபத்திரண்டைச் சரியாகக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தாள். குழுவுக்குத் தலைவராக யாரைப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரையேதான்.

இந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதினொரு மணிக்கு ஐந்து பேரும் ஒரே போன் அழைப்பில் சேர்வார்கள். முதலில் தலைவர் தன் மதிப்பெண்ணைப் படிப்பார். அப்புறம் ஒவ்வொருவராகப் படிப்பார்கள். எழுதிக்கொள்வதற்கு முன்னால் தங்கள் எண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘சுருதி சேர்க்கிறது’. தலைவர் எந்தக் கட்டையில் பாடினாரோ அந்தக் கட்டைக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். காகிதத்தில் விதி இப்படி இருந்தது: ஐவரில் ஒருவர் எண்பதுக்குக் கீழே போட்டாலும் அந்தச் சரக்கைத் திரும்பச் சோதிக்க வேண்டும். நல்ல விதிதான். அடுத்த வரியிலேயே இன்னொன்று இருந்தது: மற்றவர்களைவிட்டு நாலு மதிப்பெண்ணுக்கு மேல் விலகினால் அது சுருதி விலகல், கணக்கில் வராது. மூன்று விலகல் ஆனால் ஆள் வெளியே. முதல் விதியின் கழுத்தை இரண்டாவது விதி நெரித்துக்கொண்டு நிற்பதை எழுதினவர்கள் கவனித்தார்களோ என்னவோ!

மூக்கரசி ஏற்கெனவே இரண்டு தடவை விலகியிருந்தாள். முதல் தடவை அவள் தப்பு. வறுக்கும்போது ஏறிய புகை வாசனையை அவள் மூக்கு பிடிக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டாள். இரண்டாவது தடவை ‘சரக்கு பழசு’ என்று எழுபத்தெட்டு போட்டாள், மற்றவர்கள் எண்பத்து மூன்று. யார் சரி என்று யாரும் பார்க்கவில்லை. சுருதியை மட்டும் பார்த்தார்கள். இன்னும் ஒரே ஒரு விலகல்தான் பாக்கி. அது நடந்தால் அவள் டேஸ்டர் இல்லை. எங்கேயும் இல்லை. மூக்குப் போன டேஸ்டரை இன்னொரு தடவை யார் கூப்பிடப்போகிறார்கள்?

அந்த வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு அவள் பையைக் கத்தரித்தாள். மேஜை மேல் ஐந்து வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதியிருந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எட்டேகால் கிராம் கொட்டையைத் தனித்தனியாக நிறுத்து, தனித்தனியாக அரைத்தாள். ஒரு கிண்ணத்துக்கும் அடுத்த கிண்ணத்துக்கும் நடுவில் நாலு கொட்டையைப் போட்டு அரைத்து, அந்தத் தூளை வெளியே தட்டினாள். மெஷினில் முந்தினதன் வாசனை தங்கக் கூடாது. முதுகொடிகிற வேலைதான். காரணம் இல்லாமல் யாரும் செய்வதில்லை. கெட்ட கொட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் அது விழுந்த கிண்ணம் மட்டும் கெடும், மற்ற நாலும் நன்றாக இருக்கும். மொத்தமாக அரைத்துப் பிரித்தால் அந்தக் கெடுதல் ஐந்திலும் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மழுங்கிவிடும். ஐந்து கிண்ணம் வைப்பதே அந்த ஒற்றைக் கொட்டையைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

கொதித்து அடங்கிய தண்ணீரை ஊற்றினாள். நாலு நிமிஷம் காத்திருந்தாள். மேலே கெட்டியாகக் கட்டிய தூளை, முகத்தைக் கிண்ணத்துக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, கரண்டியால் உடைத்தாள். முதல் கிண்ணத்தில் சாக்லேட்டும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோலும் வந்தன. நல்ல காபி. தன்னை ஒதுக்கிய கம்பெனியின் சரக்கு என்பதற்காக நல்லதைக் கெட்டது என்று சொல்கிற ரகம் இல்லை அவள். எண்பத்து நாலு கொடுக்கலாம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதை உடைத்தபோது பச்சை உருளைக்கிழங்கின் தோல் மணத்தது.

நிமிர்ந்தாள். நாலாவதையும் ஐந்தாவதையும் உடைத்தாள், இரண்டும் சுத்தம். மறுபடி மூன்றாவதில் குனிந்தாள். கிழங்கைச் சீவிப்போட்ட தொட்டியில் முகத்தை விட்ட மாதிரி இருந்தது. பூச்சி கடித்த கொட்டையில் வருகிற வாசனை அது. மருந்தடிக்காத தோட்டத்தில் பூச்சிக்கு என்ன தடை? நாற்காலியில் இருந்த பத்தொன்பது வருஷத்தில் அதை ஏழெட்டுத் தடவை பிடித்திருக்கிறாள். இப்போதும் பிடித்துவிட்டேன் என்று துள்ளத்தான் வேண்டும். ஆனால் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த மூக்கு எட்டு மாதம் ஊமையாக இருந்து, அப்புறம் ஆறு மாதம் பொய் சொன்ன மூக்கு. காபியை டயர் என்று சொன்ன மூக்கு காபியைக் கிழங்கு என்று சொல்லாதா?

“என்னங்க, கொஞ்சம் வாங்க.”

மெக்கானிக் பால்கனியிலிருந்து வந்தார். வேலைக்கு மத்தியானம்தான் போக வேண்டும்.

“இந்த அஞ்சையும் மோந்து பாருங்க. எதுலயாவது வேற மாதிரி அடிக்குதா?”

அவர் ஒன்றொன்றாகக் குனிந்தார். மூன்றாவதில் குனிந்து, நிமிர்ந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “எல்லாம் காபி வாசனைதான். எனக்கென்னம்மா தெரியும்?”

மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். வீட்டில் வைத்தே துணி தைக்கிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கும், வாயில் ஊசி இல்லாதபோது பேச்சு இருக்கும். இந்தப் பச்சைப் பை அறிமுகமான நாளிலிருந்து அவள் வேறு காபி தொடுவதில்லை.

“என்ன அண்ணி, இன்னைக்கும் கிண்ணத்தோட சண்டையா?”

“நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு.”

அவள் ஓரத்தில் இருந்த முதல் கிண்ணத்திலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றி, பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டுக் கலக்கினாள். “அடடா! என்ன அண்ணி குறை இதுல? ஆர்கானிக்னா ஆர்கானிக்தான். உங்களுக்குக் குறை கண்டுபிடிக்கலைன்னா சோறு இறங்காது.”

“பாலும் சர்க்கரையும் போட்டா செருப்பைக் கொதிக்க வச்சாக்கூட நல்லாத்தான் இருக்கும்.”

“நாங்க எல்லாம் அப்படித்தானே குடிக்கிறோம். உங்களை மாதிரி உறிஞ்சித் துப்புறதுக்கா வாங்குறோம்?” என்று சொல்லிவிட்டு நாத்தனார் டம்ளரோடு மாடிக்குப் போய்விட்டாள். கேட்டதற்கு இதுதான் கிடைத்தது.

மூக்கரசி மணியைப் பார்த்தாள். பத்தே கால். ஒரே வழிதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மூக்கு தனியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“நான் பத்து நிமிஷம் பால்கனியில நிக்கிறேன், மூக்குக்கு ஓய்வு கொடுக்கணும். நீங்க கிண்ணத்தை எல்லாம் இடம் மாத்தி வைங்க. எது எங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது.”

“கண்டுபிடிக்கலைன்னா?”

“கண்டுபிடிக்கலைன்னா என் மூக்குக்குக் கிறுக்குன்னு அர்த்தம். எண்பத்து நாலு போட்டுட்டுப் போறேன்.”

பால்கனியில் நின்று தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நிற்கிறேனே என்று தன்மீதே எரிச்சலாக வந்தது.

உள்ளே வந்தாள். கிண்ணங்கள் வரிசை கலைந்து இருந்தன. குனிந்து முகர்ந்தாள். கரண்டியில் எடுத்து உறிஞ்சினாள். முதலாவது சுத்தம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாமே சுத்தம். இன்னொரு தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாள். சாக்லேட், ஆரஞ்சு. கிழங்கு எங்கேயும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒண்ணுலயும் இல்ல.”

“அப்போ நல்லதாப் போச்சு” என்றார் மெக்கானிக். குரலில் அவசரம் இருந்தது. “எண்பத்து நாலு போட்டுரும்மா. எதுக்குப் போட்டு மனசைக் குழப்பிக்கிற?”

நல்லதா? ஒரு வருஷம் பாட்டிலும் கையுமாக அலைந்தது வீண் என்று தெரிந்த நாள் நல்ல நாளா? இனி எந்த வாசனையை நம்புவது? பிள்ளைபோல் வளர்த்து மீட்டுக்கொண்டு வந்த மூக்கு, வீட்டு மேஜையில் வைத்து அவளை ஏமாற்றிவிட்டது. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. படிவத்தை இழுத்து எண்பத்து நாலில் எட்டை எழுதினாள். நாலு எழுதவில்லை. கரண்டியைக் கழுவிவிட்டு வந்து எழுதலாம் என்று எழுந்து தொட்டிக்குப் போனாள்.

குழாயைத் திறந்தாள். சூடு ஆறாத ஏதோ ஒன்றின்மேல் தண்ணீர் பட்டது. தொட்டியின் ஓட்டையிலிருந்து ஆவியோடு ஒரு மணம் மேலே வந்தது. பச்சை உருளைக்கிழங்குத் தோல்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் யாரும் கிழங்கு வாங்கவில்லை.

குழாயை மூடினாள். மேஜைக்குத் திரும்பி வந்து ஐந்து கிண்ணங்களையும் பார்த்தாள். ஐந்திலும் காபி ஒரே மட்டத்தில், ஆனால் அவள் விட்டுப்போனதைவிட விரற்கடை அளவு கீழே இருந்தது. முதல் கிண்ணத்தில் நாத்தனார் எடுத்த பள்ளம்கூடத் தெரியவில்லை. நாலு கிண்ணத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் காலியான ஒன்றை நிரப்பி, யாரோ எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். மெக்கானிக் வேலை அல்லவா, சுத்தமாக இருந்தது.

“கொட்டிட்டீங்களா?”

அவர் திருதிருவென்று விழித்தார்.

“உங்களைத்தான் கேக்கிறேன். மூணாவதைத் தொட்டியில கொட்டிட்டீங்களா இல்லையா?”

“கொட்டிட்டேன்.”

“எதுக்கு?”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் அடிச்சுதும்மா. குனிஞ்ச உடனே அடிச்சுது. நீ அதைச் சொன்னா அவங்க உன்னைத் தூக்கிருவாங்க. மூணாவது தடவைன்னு நீதானே ராத்திரியும் பகலும் சொல்லிக்கிட்டிருக்க? அந்த எட்டு மாசம் உன்னைப் பாத்தவன் நான். மறுபடியும் அதைப் பாக்க என்னால ஆகாது.”

“அதனால என் மூக்கைப் பொய்யாக்கினீங்க.”

“வேலை இருக்கட்டுமேன்னு...”

“எந்த வேலை?” அவள் மேஜையைத் தட்டினாள். “தெரிஞ்சதைத் தெரியலைன்னு சொல்ற வேலையா? ஒரு வருஷமா நான் அந்த பாட்டிலை மோந்துக்கிட்டிருந்தது எதுக்கு? அது திரும்பி வந்த அன்னைக்கு, வந்துருச்சு அப்படின்னு சொல்ல இந்த வீட்டுல ஒரே ஒரு ஆள் இருந்தாரு. அவரும் வாயை மூடிக்கிட்டாரு. இப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி நான் செத்துப் பொழைச்சேன், தெரியுமா உங்களுக்கு?”

அவர் தொட்டியைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கோபத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் கிளம்பிக்கொண்டிருந்தது, அதை மறைக்க முடியவில்லை: சந்தோஷம். கண்ணால் பார்க்காமல், யாரும் சொல்லாமல், கழுவிவிட்ட தொட்டி ஓட்டையிலிருந்து கண்டுபிடித்திருக்கிறாள். கிறுக்கு மூக்கா செய்யும் இதை?

படிவத்தில் எழுதியிருந்த எட்டை அடித்தாள். ஒரு கிண்ணம் கெட்டால் எட்டு மதிப்பெண் போகும். எண்பத்து நாலில் எட்டு போனால் எழுபத்தாறு. எழுதினாள்.

“சொல்லப் போறியா?” என்றார் அவர்.

“பின்ன?”

“கிண்ணம் இல்லையே. ஆதாரம் கேப்பாங்களே.”

“யார் கொட்டினதுன்னு சொல்லுவேன்” என்றாள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பால்கனிக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

பதினொரு மணிக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். தலைவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“என்னோடது எண்பத்து நாலு. சாக்லேட், ஆரஞ்சு, வாயில நல்ல கனம். ரொம்பச் சுத்தமான காபி.”

“எண்பத்து நாலு” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நான் எண்பத்து ரெண்டு போட்டிருந்தேன்” என்றார் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். “சரி, எண்பத்து மூணரைன்னு வச்சுக்குங்க.”

“எண்பத்து நாலு, தலைவரே” என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

“மேடம்?”

“எழுபத்தாறு.”

மறுமுனையில் யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள்.

“மூணாவது கிண்ணத்துல பச்சை உருளைக்கிழங்கு” என்றாள் மூக்கரசி. “மத்த நாலும் அருமையான காபி. அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.”

“கிண்ணம் இருக்கா? போட்டோ ஏதாவது?” என்றார் தலைவர்.

“வாசனையை எப்படிப் போட்டோ எடுக்கிறது? கிண்ணமும் இல்ல. என் வீட்டுக்காரர் கொட்டிட்டாரு.”

சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்திரம் கழுவ அவ்வளவு அவசரமா உங்க வீட்டுக்காரருக்கு? எங்க வீட்டுக்கும் அனுப்புங்களேன்!”

மெக்கானிக் போனின் பக்கம் குனிந்தார். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத மனிதர், காது மடல் சிவந்திருந்தது. “வணக்கம்ங்க. கொட்டினது நான்தான். எனக்கும் அந்த நாத்தம் அடிச்சுது. அடிச்சதாலதான் கொட்டினேன். தப்பு என்னோடது. அவ சொல்றது நிஜம்.”

“சார், நீங்க குழுவுல இல்லையே” என்றார் தலைவர், குழந்தையிடம் சொல்வதுபோல.

மூக்கரசி கணவரைப் பார்த்தாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் அவர் கைமேல் ஒரு தட்டு தட்டினாள். பிறகு போனிடம் கேட்டாள். “எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீங்க நாலு பேரும் எப்படி அரைச்சீங்க? கிண்ணத்துக்குக் கிண்ணம் தனியாவா?”

போனில் யாரோ காகிதத்தைப் புரட்டுவது கேட்டது.

“நான் மொத்தமா அரைச்சுப் பிரிச்சுக்கிட்டேன் மேடம்” என்றாள் ரொட்டிக்கடைக்காரி. “கடையைத் திறந்து வச்சுக்கிட்டு அஞ்சு தடவை அரைக்க யாரால முடியும்?”

“நானும் அப்படித்தான்” என்றார் சமையல்காரர். சிரிப்பு போயிருந்தது. மருந்துக்கடைக்காரர் இருமினார்.

“மொத்தமா அரைச்சா கெட்ட கொட்டை இருந்தாலும் கரைஞ்சு போயிடும். லேசா மண் மாதிரி ஏதோ தெரியும், அவ்வளவுதான். யாருக்காவது தெரிஞ்சுதா?”

“எனக்கு...” என்று ரொட்டிக்கடைக்காரி இழுத்தாள். “மண் வாசனைன்னு எழுதினேன் மேடம். அப்புறம் அடிச்சிட்டேன்.”

“அடிச்சதை எதுக்கும்மா இப்ப பேசுறது?” என்றார் தலைவர். அவர் எப்படி அரைத்தார் என்பதை அவர் சொல்லவேயில்லை. குரலைத் தாழ்த்தினார். “மேடம், நமக்குள்ள பழக்கம் எத்தனை வருஷம். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? உங்களைத் தூக்க எனக்கும் மனசில்ல. ஒண்ணு பண்றேன். இந்த மாசம் உங்களுக்கு ஜலதோஷம், சுவைக்க முடியலைன்னு எழுதிக்கிறேன். மதிப்பெண்ணே வேண்டாம். விலகலும் ஆகாது. அடுத்த மாசம் வழக்கம்போல வாங்க. என்ன சொல்றீங்க?”

அவர் அயோக்கியர் என்று சொல்லிவிட முடியாது. உண்மையாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் கஷ்டம். ‘ம்’ என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். நாற்காலி மிஞ்சும், அடுத்த மாதமும் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அவள் மூக்கு மட்டும் அடைத்திருந்ததாக ஒரு காகிதத்தில் இருக்கும். அடுத்த மாதம் வேறொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவளைத் தூண்டவுமில்லை, தடுக்கவுமில்லை.

“எனக்கு ஜலதோஷம் இல்ல” என்றாள் மூக்கரசி.

“யோசிச்சுச் சொல்லுங்க மேடம்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இந்த ரெண்டு வருஷத்துல என் மூக்கு இன்னைக்குத்தான் ரொம்ப நல்லா இருக்கு. எழுபத்தாறுன்னு எழுதுங்க.”

“இது மூணாவது தடவை.”

“எனக்கு எண்ணத் தெரியும். நீங்க எழுதுங்க.”

அவர் எழுதிய சத்தம் கேட்கவில்லை. “சரி மேடம். விலகல்னு போட்டுட்டேன். இத்தனை நாள் குழுவுல இருந்ததுக்கு நன்றி” என்றது மட்டும் கேட்டது. ரொட்டிக்கடைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் மூக்கரசி போனை வைத்துவிட்டாள்.

பிறகு அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள், மூக்குச் சிந்த முந்தானையைத் தேடுகிற அளவுக்கு. மெக்கானிக் கைக்குட்டையை நீட்டினார். அதில் கிரீஸ் மணத்தது. வழக்கமாகத் திட்டுகிறவள் அன்றைக்கு அந்த கிரீஸை ஆழமாக ஒரு தடவை முகர்ந்தாள்.

“போச்சே” என்றார் அவர்.

“போச்சு.”

“இப்ப என்ன பண்றது?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பச்சைப் பையைத் தன் பக்கம் இழுத்தாள். பொன்னிற ஸ்டிக்கரில் ஐந்து நாக்குகள் இன்னும் ஐந்தாகவே இருந்தன. பையைத் திருப்பினாள். பின்பக்கம், கீழே, எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில், வாடிக்கையாளர் குறைகளுக்கு என்று ஒரு எண் இருந்தது. குழுவிலிருந்து எடுத்துவிடலாம். காசு கொடுத்துக் கடையில் வாங்கினவள் என்பதிலிருந்து எவன் எடுப்பான்?

போட்டாள். மூன்று தடவை இசை ஓடி, ஒரு சின்னப் பெண் வந்தாள். பெயர் கேட்டாள், வாங்கின கடையைக் கேட்டாள், பையின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் மூக்கரசி நிதானமாகப் பதில் சொன்னாள்.

“குறை என்னன்னு சொல்லுங்க மேடம்.”

“அஞ்சு கிண்ணம் போட்டேன். ஒண்ணுல பச்சை உருளைக்கிழங்கு வாசனை. பூச்சி கடிச்ச கொட்டை கலந்திருக்கு. அந்த எண்ணுள்ள சரக்கை நிறுத்தி வச்சுத் திரும்பப் பாக்கணும். நான் சொல்றதை அப்படியே எழுதிக்கம்மா, சுருக்காத.”

தட்டச்சு சத்தம் கேட்டது. பெண் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே அடித்தாள். உருளைக்கிழங்கு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

“எழுதிட்டேன் மேடம். இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்கு. உங்க தொழில் என்ன?”

மெக்கானிக் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“காபி டேஸ்டர்” என்றாள் அவள்.

“எங்க வேலை பாக்குறீங்க மேடம்?”

“வீட்டுல” என்றாள். “எழுதிக்க.”